நான் அறுத்த கசட்

அந்த ராத்தா கடைக்குள் வந்தபோது நான் ஒரு கலியாணக் கார்டுக்கு எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். லுஹர் தொழுகை முடிந்து கல்முனை பஸார் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கையில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சி, கைலேஞ்சிக்குள் ஒரு கசட்.

"தம்பி, கசட்டுல இரிக்கிறத சீடியில போட்டுக் குடுக்கிறது நீங்கதானே?"

"ஓம் ராத்தா, இரிங்க."

ஒரு காலத்தில் நான் இதே வரிசையில் றெக்கோடிங் பார் வைத்திருந்தவன். ஆட்கள் பாட்டுகளைத் துண்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், நான் கசட்டில் பதிந்து கொடுப்பேன். கசட் போய் சீடி வந்தது, பிறகு சீடியும் போனது. இப்போது போட்டோக் கொப்பி அடிப்பதும் லெமினேட் பண்ணுவதும் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்பதுமாகக் காலம் ஓடுகிறது. ஆனாலும் பழைய கசட் வைத்திருப்பவர்கள் என்னைத் தேடி வருவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருவர், நாலைந்து மாதத்துக்கு ஒருவர். டெக்கில் கசட்டைப் போட்டு, அதிலிருந்து ஒரு வயரைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்து, பாடப் பாடப் பதிந்து, பிறகு சீடியில் எழுதிக் கொடுப்பேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது சொல்லத்தான் வேண்டும்.

கசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒட்டியிருந்த தாளில் நீலப் பேனையால் 'வாப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது. கீழே, 'ரெண்டாம் பக்கம் மகள்'.

"என்ட எழுத்துதான்" என்றார் அவர். "அவர் சவூதியில நிக்கக்குள்ள நாங்க கதைச்சி அனுப்பினது. அப்ப அவக்கு ஆறு வயசு. பொறகு எட்டு வயசில சுனாமியில மௌத்தாகிட்டா. எங்கட வீடு சாய்ந்தமருது, கடக்கரப் பக்கம்."

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் என்று ஒருவர் சொன்னால் இங்கே யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

வீட்டில் ஒரு துணிகூட மிஞ்சவில்லை. மகளுடைய பள்ளிக்கூடக் கொப்பி, படம், சட்டை எதுவுமில்லை. சவூதிக்கு அனுப்பியவை மட்டும்தான் தப்பின. இரண்டு படமும் இந்தக் கசட்டும். படங்களைக் கணவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கசட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வருடம் அவர் மௌத்தான பிறகு, பழைய பாஸ்போட்டுகள் வைத்திருந்த தோல் பைக்குள் இது கிடந்திருக்கிறது.

"இருவது வருசமா வெச்சிருந்திரிக்கார் தம்பி. கேட்டாரா கேக்கலயா எண்டும் எனக்குத் தெரியா." கைலேஞ்சியை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மகள்ட மொகம் ஞாபகம் இரிக்கி. சத்தம் மறந்திட்டு. பெத்த தாய், மறக்கலாமா? படுத்துக் கெடந்து யோசிச்சிப் பாப்பன். வாற சத்தமெல்லாம் வேற புள்ளையள்ட சத்தம்."

கடையில் வைத்துப் போட்டுக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வீட்டில் மார்க்கப் பயான் கேட்பதற்குக் கணவர் வாங்கிவைத்த பிளேயர் ஒன்று இருக்கிறது, அதில் போட்டுத் தனியாக இருந்து கேட்க வேண்டுமாம். போனில் போட்டுத் தரலாமே என்றதற்கு, தன்னிடம் இருப்பது பட்டன் போன் என்றார்.

"ஒண்டுக்கும் பயப்படாதீங்க ராத்தா. சனிக்கிழம வாங்க, எடுக்கலாம்" என்றேன்.

அது வியாழக்கிழமை. அவர் போய் அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. நான் டெக்கை அலுமாரியின் மேல் தட்டிலிருந்து இறக்கினேன். அது கிடப்பில் போய் நான்கைந்து மாதமாகியிருந்தது. இப்படிக் கிடந்த டெக்கில் முதலில் ஒரு உதவாத கசட்டைப் போட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். றெக்கோடிங் பாரில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். உதவாத கசட்டுகள் ஒரு பெட்டி நிறைய மேசைக்கு அடியிலேயே இருந்தன. குனிந்து எடுக்கவில்லை. ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன், அது போதும் என்று நினைத்தேன்.

மகளுடைய பக்கத்தை முதலில் எடுப்போம் என்று இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். வயரைக் குத்தி, கொம்பியூட்டரில் பதியும் பட்டனை அமத்தி, டெக்கை ஓடவிட்டேன். ஒரு இரைச்சல் வந்தது. ஒரு பெண்ணின் குரல் "கதைங்க மகள்" என்றது. அந்த நேரம் பார்த்து ஒருவர் அடையாள அட்டையோடு கொப்பி அடிக்க வந்தார். டெக்கின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போனேன்.

மெசின் சூடாகும்வரை அவரோடு நின்று கதைத்தேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். திரும்பும்போது டெக்கிலிருந்து ஒரு உறுமல் கேட்டது. ஓடிப்போய் டெக்கின் கதவைத் திறந்தேன். பெல்ட் தளர்ந்து, நாடாவைச் சுற்றி எடுக்கிற சில்லு நின்றுபோயிருந்தது. இறப்பர் உருளை மட்டும் விடாமல் சுழன்று நாடாவைத் தன் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் செய்யவேண்டியது எனக்குத் தெரியும். வயரைக் கழற்றி, மூடியின் ஆணிகளைக் கழற்றி, உருளையைக் கையால் பின்பக்கமாகச் சுற்றி, முடி சிக்கெடுப்பதுபோல எடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் பிடித்தாலும் நாடா பிழைக்கும். நூறு தரம் செய்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றையும் கழற்றவில்லை. கசட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் ஒரு தரம் இழுத்தேன்.

அறுந்த சத்தம் பெரிதாக இல்லை.

வந்தவரை அனுப்பிவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்தினேன். கொம்பியூட்டரை ஒன்றும் பார்க்காமல் மூடிவைத்தேன். டெக்கைக் கழற்றி உருளையில் இருந்ததைச் சுரண்டி எடுத்தேன். நீளமான ஒரு துண்டு கசங்கி, விசிறி மடிப்புப்போல இருந்தது. மற்றது நாடாவாகவே இல்லை. மண்ணிற நார்களாக, பிய்ந்த துணுக்குகளாக, இறப்பரோடு பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அஸருக்குப் பாங்கு சொன்னது கேட்டது. நான் எழும்பவில்லை.

சனிக்கிழமை ராத்தா வந்தார்.

"கரண்ட் இல்ல ராத்தா. ரெண்டு நாளா சரியான கரச்சல்" என்றேன். எனக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தாரோ தெரியவில்லை.

"அதுக்கென்ன தம்பி. இருவது வருசம் இருந்தன், ரெண்டு நாளைக்கு என்ன? இன்ஷா அல்லாஹ், திங்கக்கிழம வாறன்."

அவர் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். சபூராக, அவ்வளவு பொறுமையாக அவர் சொன்ன அந்தச் சொல் என்னை வெட்டிப் போட்டது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு என்ன சுகமில்லையா என்று கேட்டாள். வயிற்றுக்குள் சரியில்லை என்று அவளுக்கும் பொய் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிந்தவூருக்கு பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். றெக்கோடிங் பார் காலத்தில் எனக்குப் போட்டிக் கடை வைத்திருந்தவன். இப்போது வயலுக்கு அடிக்கிற மருந்து விற்கிறான். அவனுடைய வீட்டில் ஒரு நல்ல டெக் துணிபோட்டு மூடிக்கிடப்பது எனக்குத் தெரியும். கசட்டையும் நாடாத் துண்டுகளையும் ஒரு டிபன் பெட்டிக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் பஸ் விழுந்து எழும்பும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன். இனி என்ன உடைய இருக்கிறது என்று நினைக்கவில்லை.

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். நாடாத் துண்டை விரலில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

"நீ இழுத்தியா?"

"ஓம்."

"நீயா இழுத்த?"

அவனுக்கு நம்ப முடியவில்லை. எனக்கும்தான்.

இரண்டு பேரும் அவனுடைய கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்தோம். மருந்து மணம் தலையைச் சுற்றியது. நல்ல கசட் ஒன்றின் கூட்டைக் கழற்றி, ராத்தாவின் நாடாவை அதற்குள் மாற்றினோம். கசங்கிய துண்டை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையில் வைத்து விரலால் நீவினோம். அவன் பிளேடால் முனைகளைச் சரிவாக வெட்டினான், நான் ஒட்டினேன். பிய்ந்துபோன துண்டுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் அதைப் பார்த்து, "இது மண்" என்றான்.

லுஹருக்கு முன்னால் டெக்கில் போட்டோம். இந்தத் தடவை முதலில் உதவாத கசட் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்காமல்தான் செய்தான்.

"கதைங்க மகள்" என்றது ராத்தாவின் அன்றைய இளம் குரல். உடனே ஒரு சொடுக்கு. அந்த இடத்தில்தான் பிய்ந்த துண்டு இருந்தது. அடுத்துக் கசங்கிய துண்டு வந்தது. ஒரு பிள்ளை பேசுகிறாள். குரல் தாழ்ந்து, மூடிக்கொண்டு, சடாரென்று மேலே வந்து, மறுபடியும் தாழ்ந்து போனது. தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அடுத்த கணம் பாய்ந்து டெக்கை நிறுத்தினேன்.

"அல்லாஹ்வே" என்றான் அவன். அவனுக்கும் அதே நினைவு வந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் போட்டோம். கசங்கிய இடம் முடிந்த பிறகு சத்தம் தெளிந்தது. தாயின் குரல்: "கெதியா சொல்லுங்க மகள், கசட் கொண்டு போறவர் வந்து நிக்கார்." பிள்ளையின் குரல், கொஞ்சம் மூக்கடைத்த குரல்: "வாப்பா, உம்மா போதுமாம் எண்டு சொல்றா. நான் வெக்கட்டா?" ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். பிறகு தாய் மட்டும் சலாம் சொல்லி, வீட்டுக் கதை சொல்லிக்கொண்டே போனார்.

"அந்த மனுசிக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு இஞ்ச வந்த?"

அவனுடைய டெக்கிலிருந்து கிடைத்ததை என் போனில் பதிந்துகொண்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் பார்த்தேன். மகள் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம்கூட இல்லை. அதில் முக்கால் நிமிடத்துக்குக் கிட்ட நான் அழித்துவிட்டேன். இன்னும் அரை நிமிடம் கேட்கக்கூடாத மாதிரி ஆகிவிட்டது. இந்த நாடா கடலுக்குத் தப்பி, பாலைவனத்தில் இருந்து, விமானத்தில் வந்து, இருபது வருடம் ஒரு தோல் பைக்குள் பத்திரமாகக் கிடந்தது. என் மேசையில் ஒரு மணித்தியாலம் தாங்கவில்லை.

திங்கட்கிழமை ராத்தா வரும்போது ஒரு சின்னக் கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். வாழையிலையால் மூடிக் கட்டியிருந்தார்.

"புள்ளையளுக்குக் குடுங்க தம்பி. நீங்க எனக்காகக் கஷ்டப்படுறீங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "கொம்பியூட்டர் வேல செய்யுதில்ல ராத்தா, நாளைக்கு வாங்க" என்றுதான் வந்தது.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்ஷா அல்லாஹ் என்று சனிக்கிழமை சொன்னவர், அன்றைக்குச் சொல்லவில்லை.

வட்டிலப்பக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பது வயது தாண்டிய ஆள், பட்டப் பகலில், கடைக்குள் இருந்து. யாரும் வந்தால் தெரியட்டும் என்றுதான் இருந்தது. யாரும் வரவில்லை.

சீடியை எழுதுவோம் என்று கொம்பியூட்டரைத் திறந்தேன். வியாழக்கிழமை மூடிய பிறகு அதை நான் தொட்டிருக்கவில்லை. திறந்ததும், சேமிக்காத பதிவு ஒன்று இருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. அன்றைக்கு நான் பதியும் பட்டனை அமத்தியிருந்தேன்! பிய்ந்துபோன அந்தத் துண்டு, பிய்வதற்கு முன்னால் ஒரு தடவை டெக்கில் ஓடியிருக்கிறது. எல்லாம் இதற்குள் இருக்கும். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு போட்டேன்.

போட்டோக் கொப்பி மெசினின் சத்தம் வந்தது.

வயரில் வந்ததைப் பதியாமல், கொம்பியூட்டர் தன்னுடைய மைக்கில் கேட்டதைப் பதிந்திருக்கிறது. எந்த வழியால் எடுப்பது என்று தெரிவுசெய்ய நான் மறந்திருக்கிறேன். கடையின் சத்தம் முழுவதும் அதில் இருந்தது. மெசினின் கடகடப்பு. தெருவில் ஒரு த்ரீவீலின் ஹோர்ன். எல்லாவற்றுக்கும் மேலால் என்னுடைய குரல்: "ரெண்டு பக்கமும் வேணுமா? ஒரே தாளில அடிக்கவா?" அதற்குக் கீழே, ஆழத்தில், டெக்கில் நான் குறைத்துவிட்டுப் போன சத்தத்தில், ஒரு பிள்ளை எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்கிறாள் என்று தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. கூட்டிப் பார்த்தேன், மெசின் சத்தமும் கூடியது. குறைத்தேன், பிள்ளையும் போனாள். அன்று பின்னேரம் முழுக்க அந்த முக்கால் நிமிடத்தைக் கேட்டேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் நான் குறுக்கே வந்து, "ஒரே தாளில அடிக்கவா?" என்று கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை ராத்தா வந்ததும் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

"ராத்தா, நான் ரெண்டு தரம் பொய் சொல்லிட்டன். கசட் என்ட கையால அறுந்திட்டு."

அவர் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மகள்ட பக்கமா?"

"ஓம்."

"எல்லாம் போயிட்டா?"

எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்தது, எழும்பிப் போனது, டெக்கைச் சரிபார்க்காமல் போட்டது. பெல்ட் பழசு என்று சொல்லித் தப்பியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் இழுத்ததைத்தான் முதலில் சொன்னேன். வெளியே ஒருவர் கொப்பி அடிக்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனார்.

"உள்ளதப் போடுங்க" என்றார் ராத்தா.

"வீட்ட கொண்டுபோய்..."

"இல்ல. இப்பவே போடுங்க."

கசங்கிய துண்டு எப்படிக் கேட்கும் என்று முதலே சொன்னேன். தலையை ஆட்டினார். போட்டேன். "கதைங்க மகள்" என்று வந்ததும், "இது ஆரு, நானா?" என்றார். கசங்கிய இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. தெளிந்த இடம் வந்தது. 'வாப்பா, உம்மா போதுமாம் எண்டு சொல்றா.' ராத்தாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் அழுதார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஏன் அவசரப்படுத்தினன்?" என்று கேட்டார். என்னிடம் கேட்ட கேள்வி இல்லை அது. "அந்தாளு கொஞ்சம் நிண்டா என்ன? இன்னும் கொஞ்சம் கதைக்க விட்டிருந்தா என்ன?"

பிறகு நான் அந்த மற்றப் பதிவைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒன்றும் விளங்காது, என்னுடைய சத்தம்தான் இருக்கிறது, போடாமல் விடுகிறேன் என்றேன். போடச் சொன்னார். ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோய்க் கேட்டார். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாவது தரம் கையை உயர்த்தினார்.

"கொலுசு எண்டு சொல்றா."

நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கு மெசின்தான் கேட்டது.

"கொலுசு. வாப்பாட்ட கொலுசு கேக்கிறா. அவர் வரக்குள்ள கொண்டு வந்தார்தானே, அவ இதிலதான் கேட்டிரிக்கா."

அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படி ஒரு சொல் வந்ததுபோல ஒரு தரம் இருந்தது. அடுத்த தரம் இல்லை.

மாப்புக் கேட்டேன். அவர் அறுந்த கசட்டையும், நான் தாளில் மடித்து வைத்திருந்த நார்களையும் வாங்கிக் கைலேஞ்சிக்குள் வைத்துக் கட்டினார்.

"இப்ப அதக் கேக்காதீங்க தம்பி. மாப்புக் குடுத்திட்டன் எண்டு வாயால சொல்ல ஏலும். அதுவும் பொய்யாப் போயிடும்" என்றார்.

சீடியில் மூன்று பாட்டுகளைப்போல மூன்று துண்டுகளாக எழுதிக் கொடுத்தேன். கசங்கியது, தெளிந்தது, கடைச் சத்தத்தோடு உள்ளது. கடைசியானதை வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதுதான் முக்கியம் என்றார்.

ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பவும் வந்தார். மெலிந்திருந்தார். சீடி கீறுப்பட்டு, இடையில் நின்று நின்று பாடுகிறது என்றார். எடுத்துப் பார்த்தேன், போட்டுப் போட்டு எடுத்ததில் முழுக்கக் கீறிக் கிடந்தது. புதிதாக இரண்டு எழுதினேன். எழுதி முடியும்வரை கதிரையில் இருந்தார்.

"உங்கட கதையையும் அந்த மெசினையும் எடுத்துப்போட்டு, அவட சத்தத்த மட்டும் விட ஏலாதா?"

"பாத்தன் ராத்தா. ஒரு கிழம பாத்தன். எங்கட சத்தத்த எடுத்தா அவட சத்தமும் சேந்து போகுது."

உண்மையில் பார்த்திருந்தேன். கொழும்பில் தெரிந்த ஒருவருக்கு அனுப்பியும் பார்த்தேன். இப்போது கொம்பியூட்டரே தானாகக் குரல்களைப் பிரிக்கும் என்றார். பிரித்தும் அனுப்பினார். அதில் என்னுடைய குரல் தெளிவாக இருந்தது. பிள்ளை இருந்த இடத்தில் ஒரு காற்று மாதிரி ஏதோ வந்துபோனது.

"அப்ப இருக்கட்டும்" என்றார். "முந்தி கொலுசு மட்டும்தான் கேட்டிச்சி. இப்ப மழை எண்டும் சொல்றா. மழை பெய்யுது வாப்பா எண்டு. அவட கூட்டாளிர பேரும் வருது. ஒங்களுக்குக் கேக்கலயா?"

அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"எனக்குக் கேக்கல்ல ராத்தா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சீடிகளைப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தரம் சுற்றினார்.

"எனக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.